இடைவேளை இல்லாத டிஸ்க்

ஜூலை 19

அன்புள்ள பேனாமூடிக்கு அத்தை எழுதுவது,

நீயும் அண்ணனும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன். ஸ்டுடியோ தையல் அறையில் கை ஓயாத வேலை. ஏதோ போர்க்கதை எடுக்கிறார்களாம். சிப்பாய்களுக்குச் சட்டை தைத்துத் தைத்து விரல் மரத்துவிட்டது.

பரீட்சை வருஷம் என்பதால் உனக்குப் போன் கிடையாது, பேச வேண்டுமென்றால் கடிதம்தான் என்று அண்ணி சட்டம் போட்டிருப்பதாக அண்ணன் சொன்னார். அதுவும் நல்லதுக்குத்தான்.

உன்னால் எனக்கு ஒரு வேலை ஆக வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் மாமா உங்கள் பள்ளி ஆண்டு விழாவை வீடியோ எடுத்தாரே, அது உங்கள் வீட்டில் விட்டுவந்த பழைய லேப்டாப்பில் இருக்கும். அதை ஒரு டிஸ்க்கில் போட்டு அனுப்பு. இங்கே நெட்டில் ஒரு போட்டோ இறங்குவதற்குள் உலை கொதித்துவிடும். வீட்டில் டிஸ்க் பிளேயர் இருக்கிறது. அதில் எனக்கு ஒரே ஒரு பொத்தான் தெரியும், அது போதும்.

எதையும் வெட்டாதே. முதல் ஆள் உள்ளே வருவதிலிருந்து கடைசி ஆள் வெளியே போகிறவரை முழுசாக வேண்டும். அவசரம் இல்லை. ஆனால் மறந்துவிடாதே.

அன்புடன்,
அத்தை


ஆகஸ்ட் 2

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே மூவரும் நலம். என் சளி குணமாகிவிட்டது. அம்மாவின் கோபத்துக்குத்தான் இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. உங்கள் நலமும் ஸ்டாண்டு மாமாவின் நலமும் அறிய ஆவலாக இருக்கிறேன். கேமரா ஸ்டாண்டைவிட உயரமாக இருக்கும் ஒரே மனிதர் இப்போது இன்னும் வளர்ந்துவிட்டாரா?

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் லேப்டாப்பைப் பரணிலிருந்து இறக்கினேன். மூடியின் கீல் உடைந்திருப்பதால் பின்னால் அகராதியை முட்டுக் கொடுத்திருக்கிறேன். பேட்டரி செத்துவிட்டது, சார்ஜரில் செருகியிருந்தால்தான் உயிர். விசிறி சுற்றினால் அடுப்படியிலிருந்து அம்மா, "மிக்ஸியை யாருடி போட்டது?" என்று கேட்கிறாள். டிஸ்க் போடும் தட்டின் மேல் மாமா ஒட்டிய சீட்டு இன்னும் இருக்கிறது: "டிஸ்க்கை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்கவும். வட்டமாகத் துடைக்கிறவர் கை விளங்காது."

விழா வீடியோ பத்திரமாக இருக்கிறது. ஆனால் சாதாரண டிஸ்க்கில் அடங்காத அளவு பெரியது. இரட்டை அடுக்கு டிஸ்க் வேண்டும். அது மாடி வீடு மாதிரி, அத்தை. முதல் அடுக்கை நடுவிலிருந்து விளிம்பு வரை எழுதும். பிறகு ஒளி மேலே ஏறி, விளிம்பிலிருந்து நடுவுக்குத் திரும்பி வந்து இரண்டாவது அடுக்கை எழுதும். கடையில் கேட்டதும் கடைக்காரர் என்னை அருங்காட்சியகத்திலிருந்து தப்பித்து வந்தவளைப் போலப் பார்த்தார். "கண்ணு, இதையெல்லாம் இப்ப யாரு வாங்குறா? ரெண்டுதான் கிடக்கு, ரெண்டையும் எடுத்துட்டுப் போ" என்றார்.

முதல் டிஸ்க் எழுத ஆரம்பித்து, முதல் அடுக்கு முடிந்து, இரண்டாவது அடுக்கில் பாதி தாண்டியபோது லேப்டாப் பொட்டென்று அணைந்தது. அம்மா சார்ஜரைப் பிடுங்கிவிட்டு இஸ்திரிப் பெட்டியைச் செருகிக்கொண்டிருந்தாள்.

"அம்மா! டிஸ்க் எழுதிட்டிருக்கேன்!"

"பேனாவால எழுத வேண்டிய வயசுல டிஸ்க்ல என்னடி எழுத்து? உங்கப்பா சட்டை சுருங்கிக் கிடக்கு."

அந்த டிஸ்க் பாழ். மாமாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்: எந்த வேகத்தில் எழுத வேண்டும்?

அப்பா ஜூன் மாதம் ஆபீஸ் வேலையாக வெளியூர் போய் வந்தார். அதிலிருந்து சரியாகப் பேசுவதில்லை, தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறார். மாமா போன் செய்தாரா என்று கேட்டால், "போய்ப் படி" என்கிறார். ஆபீஸில் ஏதோ பிரச்சினை போல. மாமாவை அவரோடு ஒரு தடவை பேசச் சொல்லுங்கள், சிரிக்க வைத்துவிடுவார். ஸ்டுடியோ வேலைக்காக நீங்கள் ஊர் மாறிப் போனதற்கு, "அவதான் போகலாம்னு ஒத்தக்கால்ல நின்னா, நான் பெட்டி தூக்கிட்டு வந்தேன்" என்று இன்னும் எல்லோரிடமும் உங்களைத்தான் மாட்டிவிடுகிறாரா?

இப்படிக்கு,
உங்கள் பேனாமூடி (பேனா மூடியைக் கடிப்பதை விட்டுவிட்டேன் என்று மாமாவிடம் சொல்லுங்கள். பொய்தான், இருந்தாலும் சொல்லுங்கள்.)


ஆகஸ்ட் 24

அன்புள்ள பேனாமூடிக்கு,

கடிதம் கிடைத்தது. சளி திரும்ப வராமல் பார்த்துக்கொள்.

இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் எழுத வேண்டும் என்பார். லேப்டாப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் புத்தகம் வைத்துத் தூக்கி, அடியில் காற்றுப் போக வழி விடு. எழுதும்போது வேறு எதையும் அதில் திறக்காதே.

அப்பாவைத் தொந்தரவு செய்யாதே. சரியாகிவிடுவார்.

வேறு செய்தி இல்லை. அண்ணி சொல்வதைக் கேள்.

அத்தை


செப்டம்பர் 6

அன்புள்ள அத்தைக்கு,

நலம். உங்கள் கடிதம் தந்தி போல இருந்தது, அதனால் உங்கள் நலத்தை இரண்டு மடங்கு விசாரிக்கிறேன்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஒரு பக்கம் வரலாறு, ஒரு பக்கம் வேதியியல் வைத்து லேப்டாப்பைத் தூக்கினேன். குறைந்த வேகம். "இஸ்திரிப் பெட்டிக்கு இன்று விடுமுறை" என்று பலகையில் எழுதிப் பிளக் அருகே மாட்டினேன். அம்மா அதைப் படித்துவிட்டு, "இந்த நக்கலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்றாள். முதல் அடுக்கு முடிந்தது. இரண்டாவது அடுக்கும் முடியப்போகிறது என்று நான் கைதட்டத் தயாரானபோது, லேப்டாப் தொட முடியாத அளவு சூடாகி, "எழுத முடியவில்லை" என்று ஒரு வரி காட்டிவிட்டு டிஸ்க்கை நாக்கு நீட்டுவது போல வெளியே தள்ளியது.

பாழான இரண்டு டிஸ்க்குகளுக்கும் வீட்டில் உடனே வேலை கிடைத்துவிட்டது. முதல் டிஸ்க்கின் விளிம்பில் அப்பா துளை போட்டு, பால்கனியில் புறா வராமலிருக்கக் கட்டித் தொங்கவிட்டார். புறாக்கள் அதில் முகம் பார்த்துக்கொள்கின்றன. இரண்டாவதை அம்மா டீ டம்ளருக்கு அடியில் வைக்க எடுத்துக்கொண்டாள்.

மாமா என்மேல் கோபமா? போன கடிதத்தில் அவ்வளவு விசாரித்திருந்தேன். பதிலில் அவரைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அவர் கிறுக்கல் எழுத்தில் "ஏய் மூடி" என்று இரண்டு வார்த்தை போதும். கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் பேனாமூடி


அக்டோபர் 11

அன்புள்ள அத்தைக்கு,

சென்ற கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. சட்டை தைக்கும் வேலை முடியவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

ஒரு நல்ல செய்தி. இந்தப் பார்சலில் இருப்பதுதான் அது!

இரட்டை அடுக்கு டிஸ்க் ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. யோசித்தேன். மாமா சொல்வாரே, "பார்க்கிறவனுக்குக் கொட்டாவி வந்தா எடுத்தவன் தோத்துட்டான்" என்று. அவரே உட்கார்ந்திருந்தால் என்ன செய்வார் என்று நினைத்துப் பார்த்து அதன்படி செய்தேன். தலைமையாசிரியர் உரையில் பாதியை வெட்டினேன் (அவரே கேட்டால் நன்றி சொல்வார்). மைக் சரிபார்த்தது போயிற்று. இடைவேளையை முழுசாக எடுத்துவிட்டேன். இடைவேளையில் கேமராவை நிறுத்தினால் திரும்ப ஓட்ட மறந்துவிடுவேன், ஒரு தடவை பரிசளிப்பையே கோட்டை விட்டேன் என்று சொல்லி மாமா எப்போதும் கேமராவை ஓட விட்டுவிடுவாரே, அதனால் அரை மணி நேரத்துக்குக் காலி நாற்காலிகள்தான். ஓரத்தில் மாமா சாப்பிடும் முழங்கை கொஞ்சம். யாருக்கு வேண்டும்? தாவித் தாவிப் பார்த்ததோடு சரி, ஓட்டிப் பார்க்காமலே வெட்டினேன்.

இப்போது சாதாரண டிஸ்க்கிலேயே அடங்கிவிட்டது. லேப்டாப்பில் வேலை செய்ய இடம் போதவில்லை. மாமாவின் மற்ற கோப்புகளைத் தொட்டால் தோலை உரித்துவிடுவார், அதனால் விழாவின் முழு வீடியோவை மட்டும் அழித்து இடம் பிடித்தேன். வெட்டிய படம் கையில் இருக்கும்போது வெட்டாதது எதற்கு?

கடைசியில் என் பரிசு ஒன்று இருக்கிறது. பெயர் போடும் இடத்தில், "ஒளிப்பதிவு: ஸ்டாண்டு மாமா. தொகுப்பு: பேனாமூடி." இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். அவர் முகம் எப்படி மாறியது என்று அப்படியே எழுதுங்கள்.

மிகுந்த பெருமையுடன்,
பேனாமூடி


நவம்பர் 5

பேனாமூடி,

டிஸ்க் வந்தது. பார்த்தேன். நாடகத்தில் நீ வசனம் மறந்து கூரையைப் பார்த்த இடம் நன்றாக இருக்கிறது.

முழு வீடியோவை அழித்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். அது என்னைச் சீண்ட எழுதியதுதானே? வேறு எங்கேயாவது எடுத்து வைத்திருப்பாய். இடைவேளை வேண்டும். அது மட்டும் போதும். உடனே எழுது.

அத்தை


நவம்பர் 16

அன்புள்ள அத்தைக்கு,

நலம் விசாரித்து எழுதக்கூடக் கை வரவில்லை. உங்களுக்குக் கோபம் என்று தெரிகிறது.

நான் சீண்டவில்லை. உண்மையாகவே அழித்துவிட்டேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அந்த இடத்தின் மேல் வேறு கோப்புகளும் எழுதிவிட்டேன். கம்ப்யூட்டர் டீச்சரிடம் கேட்டேன், இனி எடுக்க முடியாது என்றார். மன்னித்துவிடுங்கள்.

ஆனால், அத்தை, எனக்குப் புரியவில்லை. நாடகத்தில் வெட்டியிருந்தால் நீங்கள் திட்டுவதில் நியாயம் இருக்கிறது. காலி நாற்காலிகளில் என்ன இருக்கிறது? மாமாவையே கேளுங்கள், அவரும் வெட்டத்தான் சொல்வார். அவர் உங்கள் பக்கத்தில்தானே இருக்கிறார்? இடைவேளையில் என்ன நடந்தது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளலாமே.

மன்னிப்பை எதிர்பார்க்கும்,
பேனாமூடி


டிசம்பர் 20

என் தங்கமான பேனாமூடிக்கு,

இதை எழுதக் கூடாது என்று உன் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு மாதமாகத் தாளை எடுப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்தேன். உன் கடைசிக் கடிதத்தின் கடைசி வரிகளைப் படித்த பிறகு இனி முடியாது. தனியாக இருந்து படிக்காதே. அம்மா பக்கத்தில் இருக்கும்போது படி.

உன் மாமா இல்லை.

ஜூன் மாதம், ஸ்டுடியோவில் விளக்குக் கட்டும் சாரத்தில் ஏறி, மேலேயிருந்து கேமரா கோணம் பார்த்துக்கொண்டிருந்தார். சாரம் சரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. உன் அப்பா ஆபீஸ் வேலையாகப் போகவில்லை, இங்கேதான் வந்தார். "மாமான்னா அவளுக்கு உசுரு. பரீட்சை முடியட்டும், நானே சொல்றேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நானும் தலையாட்டினேன். நீ ஒவ்வொரு தடவையும் அவரை விசாரிக்கும்போது அந்த இடத்தைத் தாண்டிக் குதித்துத்தான் பதில் எழுதினேன்.

இடைவேளை ஏன் என்று கேட்டாய். அவர் எடுத்த எந்த வீடியோவிலும் அவர் குரல் கிடையாது. எடுக்கும்போது மூச்சுக்கூட விட மாட்டார். சாப்பாட்டு டப்பாவோடு நான் வந்து கேமரா பக்கத்தில் உட்கார்ந்த அந்த இடைவேளையில் மட்டும்தான் இருவரும் பேசினோம். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் இந்த ஊர் வேலையைப் பற்றி முதல் தடவையாகக் கேட்டார். "நீ வேணாம்னா இந்த நிமிஷமே விட்டுடறேன்" என்றார். நான் போகலாம் என்றேன். அது நன்றாக நினைவிருக்கிறது. அவருக்கு ஆசை இருந்ததா, எனக்காகத் தலையாட்டினாரா? நான் வற்புறுத்தினேனா? அது மட்டும் எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. அவர் வீட்டில் எல்லோரும் என் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள், "நீதானே ஒத்தக்கால்ல நின்னு கூட்டிட்டுப் போன?" என்று. அவர் விளையாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தது இப்போது சாட்சியாகிவிட்டது. அவரைக் கொன்றது நானா இல்லையா என்பது அந்த அரை மணியில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன்மேல் கோபம் இல்லை. உன்னிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் நீ வெட்டியிருக்க மாட்டாய். அழாதே என்று சொல்லப் போவதில்லை.

அத்தை


டிசம்பர் 29

அத்தை,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

உங்கள் கடிதத்தை அம்மா பக்கத்தில் இருக்கும்போதுதான் படித்தேன். அவள் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சல்லடையைக் கீழே வைத்துவிட்டாள். "சொல்லிட்டாளா?" என்று மட்டும் கேட்டாள். அப்படியானால் அவளுக்குத் தெரியும். ஆறு மாதமாகத் தெரியும்.

எனக்கு அழுகையே வரவில்லை, அத்தை. காதுக்குள் லேப்டாப் விசிறி சுற்றுவது போல ஒரு சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அனுப்பிய கடிதங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இன்னும் வளர்ந்துவிட்டாரா என்று கேட்டேன். தோலை உரிப்பார் என்று எழுதினேன். அவர் முகம் எப்படி மாறியது என்று எழுதச் சொன்னேன்.

அப்பா வந்ததும் கேட்டேன். "எனக்கு ஏன்ப்பா சொல்லல?"

"உன் நல்லதுக்குத்தாம்மா."

"எது நல்லது? நான் செத்தவருக்கு ஜோக் எழுதி அனுப்பிட்டு இருந்தேன். அதை நீங்கதானே தபால்ல போட்டீங்க!"

அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா, "சின்னப் பொண்ணு வாயை அடக்குடி" என்று ஆரம்பித்தாள். "விடு, அவ கேட்கிறது சரிதான்" என்றார். பிறகு அவர் அழுதார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதிய கேள்வியை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "கொன்றது நானா" என்ற இடத்தில் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். வெகுநேரம் உள்ளே வரவில்லை.

அவர் குரலை அழித்தது நான். இந்த வரியை இதோடு நான்காவது தடவையாக எழுதுகிறேன், மற்ற மூன்று தாளையும் கிழித்துவிட்டேன்.

உங்கள்,
பேனாமூடி


ஜனவரி 22

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கேட்டுவிட்டேன். இனி நான் சொல்வதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

போன வாரம் அம்மா டீ கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். டம்ளருக்கு அடியில் அந்த டிஸ்க். இரண்டாவது தடவை பாழானது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று எழுந்த வேகத்தில் டீயைக் கொட்டிவிட்டேன். அத்தை, அந்த டிஸ்க்கில் நான் எழுதியது வெட்டாத வீடியோ! கடைசியில்தான் நின்றுபோனது. முதல் அடுக்கு முழுசாக எழுதி முடித்திருந்தது. இடைவேளை விழாவின் நடுவில் வருகிறது. அப்படியானால் அது முதல் அடுக்கின் முடிவில், விளிம்பில் இருக்க வேண்டும்.

பால்கனிக்கு ஓடினேன். புறா டிஸ்க்கில் அப்பா துளை போட்டிருந்தது சரியாக அந்த விளிம்பில்தான். அது போயிற்று. மிச்சம் டம்ளர் டிஸ்க் ஒன்றுதான், அதில் அம்மாவின் ஐந்து மாதத்து டீ வட்டங்கள். சோப்புத் தண்ணீரில் நனைத்து, பருத்தித் துணியால், நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கவில்லை. அம்மா பக்கத்தில் நின்று, "நான் கழுவித் தரட்டுமா? தெரியாம சூடா வச்சுட்டேனே, தெரியாம வச்சுட்டேனே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

லேப்டாப் அதைக் "காலி டிஸ்க்" என்றது. முடிக்காமல் விட்ட டிஸ்க்கை அப்படித்தான் காட்டுமாம். கம்ப்யூட்டர் டீச்சர் மீட்டெடுக்கும் மென்பொருள் ஒன்றைப் பென் டிரைவில் கொடுத்தார். எழுதிய லேப்டாப்பிலேயே போட்டால் படிக்க வாய்ப்பு இருக்கிறது என்றார். மறுபடி வரலாறு ஒரு பக்கம், வேதியியல் ஒரு பக்கம். அம்மா தானாகவே இஸ்திரிப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தது. துண்டு துண்டாகப் படித்துக்கொண்டே போனது. சாயங்காலம் விளிம்புக்கு வந்தபோது டிஸ்க் சுற்றும் சத்தம் மாறியது. நான் மேஜையைத் தொடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வந்துவிட்டது, அத்தை. படம் சதுரம் சதுரமாக உடைந்து, காலி நாற்காலிகளிலும் மாமாவின் முழங்கையிலும் அப்படியே உறைந்து நிற்கிறது. குரல் மட்டும் ஓடுகிறது.

முதலில் நீங்கள் இல்லை. அப்பா இருக்கிறார். இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

மாமா: "மச்சான், ஒரு விஷயம். கையெழுத்துப் போட்டுட்டேன்."

அப்பா: "எதுல?"

"அந்த ஸ்டுடியோ வேலைலதான். போன வாரமே."

"என் தங்கச்சிகிட்ட சொன்னியா?"

"எங்க சொல்றது? வாயைத் திறந்தா, இங்க என்ன குறைச்சல்னு கேப்பா."

"அடப்பாவி! உன் பாடு, அவ பாடு."

"நீ மூச்சு விடாத. அவ வாயாலேயே போகலாம்னு வர வைக்கிறேன் பாரு."

பிறகு டப்பா வைக்கும் சத்தம், உங்கள் குரல். "யாரு வாயால என்ன?"

"உன் சமையலைத்தான் வாயாரப் புகழ்ந்துட்டிருந்தேன்."

"புகழ்ற மூஞ்சியைப் பாரு. கை கழுவுனீங்களா?"

கொஞ்ச நேரம் கரண்டிச் சத்தம். பிறகு மாமா கேட்கிறார், நீங்கள் எழுதிய அதே வார்த்தைகளில். "அந்த ஊர்ல வேலை கிடைச்சா போகலாமா, வேணாமாம்மா? நீ வேணாம்னா இந்த நிமிஷமே விட்டுடறேன்." நீங்கள் உடனே பதில் சொல்லவில்லை, அத்தை. "உங்களுக்கு ஆசையா இருக்கா?" என்றுதான் கேட்கிறீர்கள். "எனக்கென்ன ஆசை? எல்லாம் உனக்காகத்தான்" என்கிறார். அதற்குப் பிறகுதான் நீங்கள் மெதுவாக, "சரி, போகலாம்" என்கிறீர்கள். மாமா நாற்காலி தள்ளி எழுந்து கத்துகிறார்: "பாத்தியா மச்சான், அவளே சொல்லிட்டா!"

அப்போது என் பின்னால் டம்ளர் விழுந்தது. அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா? அத்தை இவ்வளவு நாளா தன்னால்தான்னு... உங்களுக்குத் தெரிஞ்சும் சொல்லலையா?"

"செத்துப்போனவனைப் பொய்யன்னு எப்படிம்மா அவகிட்ட சொல்றது? அவன் நினைப்பாவது நல்லபடியா இருக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு, "அதை அனுப்பாத" என்றார்.

டிஸ்க் எழுதினேன். இந்தத் தடவை இரண்டு பிரதிகள், பென் டிரைவில் ஒன்று தனி. ஒரு நொடியைக் கூட வெட்டவில்லை. பெயரும் போடவில்லை. மறுநாள் பள்ளி விட்டு வந்தபோது மேஜைமேல் வைத்திருந்த டிஸ்க்கைக் காணோம். பதறிப்போய்த் தேடினேன். வாசல் பக்கம் அப்பா அதை உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு உங்கள் விலாசத்தை அவரே எழுதினார். கடிதத்தையும் எழுதி உள்ளே வை, நானே போய்ப் போட்டுவிட்டு வருகிறேன் என்றார். உறையில் உள்ள கையெழுத்தைப் பாருங்கள். அதுதான் அவர் உங்களுக்கு எழுதிய கடிதம் என்று நினைக்கிறேன்.

உங்கள்,
பேனாமூடி


பிப்ரவரி 18

என் பேனாமூடிக்கு,

நான் நலம். இதை முதல் தடவையாக உண்மையாகவே எழுதுகிறேன். நீயும் நலமாக இருந்து பரீட்சையை நன்றாக எழுது. அண்ணியிடம் இஸ்திரிப் பெட்டியை இறக்கச் சொல், பாவம் அண்ணன் கசங்கிய சட்டையோடு ஆபீஸ் போகிறாராம், போனில் சொன்னார். நாங்கள் பேசினோம். வெகுநேரம் பேசினோம். முதலில் அவரைத் திட்டினேன், பிறகு இருவரும் சிரித்தோம், பிறகு என்ன செய்தோம் என்று உனக்கே தெரியும்.

டிஸ்க் வந்த அன்று வேலைக்குப் போகவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே பொத்தானை அழுத்தினேன். நாற்காலிகள் வந்தன. அந்த முழங்கை வந்தது. சட்டையில் நான் தைத்த ஒட்டுக்கூடத் தெரிகிறது. "மச்சான், ஒரு விஷயம்" என்று அவர் குரல் வந்ததும் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பை மடியிலேயே கவிழ்த்துக்கொண்டேன். உன் கடிதத்தில் முன்னாலேயே படித்துத்தான் இருந்தேன். படிப்பது வேறு, கேட்பது வேறு.

போன வாரமே கையெழுத்துப் போட்டாராம்! டப்பாவில் கடைசிக் கவளம் வரை உனக்காகத்தான் உனக்காகத்தான் என்று சாப்பிட்டாரே! எட்டு மாதமாக நான் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தேனே! மறுபடி ஓட்டினேன். "எல்லாம் உனக்காகத்தான்" என்ற இடத்தில் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று, டி.வி.யைப் பார்த்து, வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினேன். கள்ளன், புளுகன், ஒட்டடைக்குச்சி, எல்லாம். உன் வயதுக்கு ஆகாத வார்த்தைகளும் இரண்டு.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி. ஜூனிலிருந்து என் வீட்டில் ஒரு சத்தமும் கேட்காதவள், கண் விரிய நின்றாள்.

"என்னாச்சுக்கா? உள்ள யாரு? யாரோட இப்படிச் சண்டை?"

"என் வீட்டுக்காரரோட" என்றேன்.

அன்புடன்,
அத்தை